நமக்கு யார் எழுதித் தருவது?

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கல்லூரி மாணவ மாணவியர் கூடிய ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடுமானவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலையிலிருந்து பெரிய பெரிய விஷயங்களைப் பேசி முடித்திருக்கிறோம். எனக்குக் கொடுத்திருப்பது சின்னத் தலைப்பு. படிப்பு முடிகிற வருஷத்தில் வேலைக்கு மனுப் போட ஒரு பைலை எப்படித் தயார் பண்ணுவது, பரிந்துரைக் கடிதத்தை யாரிடம், எப்படிக் கேட்பது. சாப்பிடும்போது ஒரு தோழர் கேட்டார்: "ஏங்க, இதெல்லாம் விடுதலை இயக்கம் பேசுற விஷயமா? டியூசன் சென்டர்க்காரன் பேசுறதாச்சே?" அவருக்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

அரசு வேலைக்குத் தேர்வு இருக்கிறது. பட்டியல் சாதிகளுக்கு 18 விழுக்காடு இருக்கிறது. அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. போராடி வாங்கியது. ஆனால் உங்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் போய் நிற்கப்போவது தனியார் கம்பெனி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தொண்டு நிறுவனம் வாசலில்தான். அங்கே இடஒதுக்கீடு கிடையாது. அந்த வாசலில் இரண்டு காகிதங்கள்தான் உங்களுக்கு முன்னால் உள்ளே போகின்றன. ஒன்று, உங்களைப் பற்றி நீங்கள் எழுதியது. இன்னொன்று, உங்களைப் பற்றி வேறொருவர் எழுதியது, அல்லது போனில் சொன்னது. அந்த இரண்டாவது காகிதத்துக்குள் சாதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இது இயக்கம் பேசவேண்டிய விஷயம்.

நம்ம பக்கத்தில் இதற்குப் பேர் சிபாரிசு. "யார் சிபாரிசு?" என்றுதான் கேட்பான். "மில்லுல மாமா சொல்லிட்டாரு, நாளைக்கு வரச்சொல்லிட்டாங்க" என்பார்கள். அந்த மாமா நமக்கு இல்லை. நான் திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்துச் சேரியில் பிறந்தவன். அப்பா சீமைக் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டவர். எங்கள் வீட்டில் எழுத்து இருந்த காகிதம் என்றால் ரேஷன் கார்டும் அடகுக்கடைச் சீட்டும்தான். அப்பா நாற்பது வருஷம் வேலை பார்த்தார். அவர் நல்ல வேலைக்காரர் என்று ஒருத்தரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. நம் உழைப்புக்குச் சாட்சி இருந்தது, எழுத்து இல்லை.

இதே ஊரில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. கோயிலுக்குள் நுழைவதற்காக 1890களில் கமுதியிலும் சிவகாசியிலும் அடிபட்டவர்கள் நாடார்கள். அவர்கள் அடிபட்டதோடு நிற்கவில்லை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பக்கத்திலிருக்கிற பாலையம்பட்டி போன்ற ஊர்களில் வியாபாரத்தில் ஒரு சிறு தொகையை மகமை என்று எடுத்து வைத்தார்கள். அந்தப் பணத்தில் 1889-லேயே விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை வந்துவிட்டது. 1921-ல் தூத்துக்குடியில் வங்கி வந்தது. இன்றைக்கு அந்த வீட்டுப் பையன் வேலை தேடப் போனால் அவனுக்கு முன்னால் நூறு வருஷத்து ஏற்பாடு போகிறது. நான் இதைப் பொறாமையில் சொல்லவில்லை, பாடமாகச் சொல்கிறேன். சிபாரிசு வானத்திலிருந்து விழுவதில்லை, கூடிச் சேர்த்து உண்டாக்குவது. ஆனால் சாதிக்குள் சேர்த்தது சாதிக்குள்தான் சுற்றும். அதுதான் அதன் எல்லை.

"இப்ப எல்லாம் திறமைதாங்க, சாதி யார் பாக்குறா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு பேர் செய்தது, 2007-ல் வெளியானது. செய்தித்தாளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியோடு மனுக்களை அனுப்பினார்கள். படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். நேர்காணலுக்குக் கூப்பிடுகிற வாய்ப்பு உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் இதே மாதிரி செய்த ஆய்வு 2004-ல் வந்தது. அங்கே வெள்ளையர் பெயருக்குக் கறுப்பர் பெயரைவிட ஐம்பது விழுக்காடு அதிக அழைப்பு. ஆளைப் பார்க்கவே இல்லை, காகிதத்தைத்தான் பார்த்தார்கள்.

நம் மாநிலத்தில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு அதற்கு வழி போட்டது. நல்லதுதான். ஆனால் சாதியைத் தேடுகிறவன் வேறு இடத்தில் தேடுவான். "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, வெளியவா?" என்பான். முகவரியில் "காலனி" என்று இருந்தால் அவனுக்குப் போதும். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போனாலும் கேள்வி போகாது. "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்பான். சுரிந்தர் ஜோத்கா, காதரின் நியூமன் இருவரும் பெரிய கம்பெனி மேலாளர்களைப் பேட்டி கண்டு எழுதியதும் 2007-ல்தான் வந்தது. சாதி பார்ப்பதில்லை என்று சொன்ன அதே வாய்கள், குடும்பப் பின்னணி முக்கியம் என்று சொல்லியிருக்கின்றன. அந்தக் கேள்விக்குப் பதிலை இன்றைக்கே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "கரிமூட்டம் போடுறார், என்னைப் படிக்க வச்சது அந்த வருமானம்தான்." அவ்வளவுதான். குரலைத் தாழ்த்தவேண்டாம், கதையும் சொல்லவேண்டாம்.

இனி பைலுக்கு வருவோம்.

முதலாவது, கடையில் விற்கிற அச்சடித்த பயோடேட்டா தாளை வாங்காதீர்கள். அதில் மதம், சாதி என்று கட்டம் போட்டு வைத்திருப்பான். வேலைக்கு அது எதற்கு? வெள்ளைத்தாளில் நீங்களே ஒரு பக்கம் தயார் பண்ணுங்கள். பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், ஊர், படிப்பு, செய்த வேலைகள், தெரிந்த மொழிகள், உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு பேர். உயரம், எடை, ஜாதகம் எல்லாம் கல்யாணத் தரகருக்கு.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். அது உரிமைச் சீட்டு. ஒதுக்கீடு இருக்கிற இடத்தில், உதவித்தொகைக்கு, கேட்கிற இடத்தில் நிமிர்ந்து நின்று கொடுக்க வேண்டியது. ஒதுக்கீடே இல்லாத தனியார் கம்பெனி மனுவில் முதல் தாளாகப் பின் அடித்துக் கொடுக்கிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. யாரும் கேட்கவில்லையே, ஏன் கொடுக்கிறீர்கள்? நான் ஒளிக்கச் சொல்லவில்லை. அவன் வேலை கொடுக்க அதற்கு மதிப்பு இல்லாதபோது, வேலை மறுக்க மட்டும் அதைப் பயன்படுத்த விடாதீர்கள் என்கிறேன்.

மூன்றாவது, அசல் சான்றிதழ்களை எவனிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். மில்லோ, ஏஜென்சியோ, "ஒரு வாரத்துல தர்றோம்" என்பான், வேலையை விட்டு வரும்போது அதை வைத்து மடக்குவான். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும். கல்லூரிகளும் அசலைப் பிடித்து வைக்கக்கூடாது என்று 2018-ல் பல்கலைக்கழக மானியக்குழு அறிவித்திருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்பதற்கு 2012-ல் வந்த அரசாணை 92 இருக்கிறது. அந்த எண்ணை மனப்பாடம் பண்ணுங்கள்.

நான்காவது, தமிழ்வழியில் படித்ததற்கான சான்று. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தருகிற சட்டம் 2010-ல் வந்தது. பிற்பாடு வந்த திருத்தத்தால் பட்டப்படிப்பு மட்டும் தமிழ்வழி என்றால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே இருக்கவேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் வாங்கவேண்டும். விளம்பரம் வந்தபிறகு ஓடினால் தலைமையாசிரியர் லீவில் இருப்பார். இந்தக் கோடை விடுமுறையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஐந்தாவதுதான் முக்கியம், செய்த வேலை. எங்கள் மாலை வகுப்பில் ஒரு பெண் பயோடேட்டா எழுதிக்கொண்டு வந்தாள். அனுபவம் என்ற இடத்தில் ஒரு கோடு. "ஏம்மா, ஒண்ணுமே செய்யலையா?" என்றால், "இல்ல சார், சும்மாதான் இருந்தேன்" என்கிறாள். உட்கார வைத்துக் கேட்டோம். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகத் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறாள். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்து ஆள் கணக்கும் அளவும் எழுதியிருக்கிறாள். இடையில் ஆறு மாதம் நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்த்திருக்கிறாள். இதற்குப் பேர் சும்மாவா? மேல்தட்டுப் பையன் அப்பா கம்பெனியில் ஒரு மாதம் உட்கார்ந்து எழுந்தால் அதற்குப் பெரிய பேர் வைத்து எழுதுகிறான். நாம் கண்மாய்க் கரையில் வெயிலில் நின்று கணக்கெழுதியதை வேலை என்று சொல்லக் கூசுகிறோம். அந்தக் கூச்சத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தது சாதிதான். எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம், என்ன பாடம், என்ன கணக்கு என்று எண்ணோடு எழுதுங்கள். பாடக்குறிப்பு, புராஜெக்ட், நடத்திய கூட்டத்தின் துண்டறிக்கை எல்லாவற்றிலும் ஒரு பிரதி பைலில் இருக்கட்டும்.

இப்போது கடிதம். சிபாரிசு என்ற சொல்லைத் தூக்கிப் போடுங்கள். பரிந்துரைக் கடிதம் என்பது ஒரு சாட்சியம். என் கண்ணால் பார்த்தேன், இந்த ஆள் இந்த வேலையை இப்படிச் செய்தார் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுச் சொல்வது. அப்படிப் பார்த்தால் அதைக் கேட்பதில் பிச்சை எதுவும் இல்லை. கோர்ட்டில் சாட்சியைக் கூப்பிடுகிறவன் கையேந்துவதில்லை.

புரட்சியாளர் அம்பேத்கருக்கே இப்படிச் சாட்சிகள் இருந்தார்கள். பம்பாயில் கேலுஸ்கர் என்ற ஆசிரியர், பூங்காவில் உட்கார்ந்து படிக்கிற ஒரு பையனைத் தொடர்ந்து கவனித்தார். அவன் 1907-ல் மெட்ரிக் தேறியபோது தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். பிறகு பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அழைத்துப்போனார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. பின்னால் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மன், தன்னிடம் படித்தவரைப் பற்றி லண்டனில் இருந்த பேராசிரியர் ஃபாக்ஸ்வெல்லுக்குப் பரிந்துரைத்து எழுதினார். இரண்டு பேருமே பார்த்ததைச் சொன்னவர்கள். ஆனால் இதையும் மறக்கக்கூடாது. அத்தனை பட்டத்தோடும் 1917-ல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவர் மேசையில் பியூன்கள் கோப்பைத் தூக்கி எறிந்தார்கள். தங்கியிருந்த பார்சி விடுதிக்குத் தடியோடு வந்து விரட்டினார்கள். கடிதம் கதவைத் திறக்கும். உள்ளே இருக்கிற சாதியை அது ஒழிக்காது. அதற்குத்தான் இயக்கம். இரண்டும் வேண்டும்.

யாரிடம் கேட்பது? உங்கள் வேலையைப் பார்த்தவரிடம். எம்.எல்.ஏ. லெட்டர் பேடில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அவர் உங்களைப் பார்த்ததே இல்லை, அது படிக்கிறவனுக்கும் தெரியும். பாடம் நடத்திய ஆசிரியர், புராஜெக்டுக்கு வழிகாட்டியவர், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், நூலகர், விடுதிக் காப்பாளர், வேலை பார்த்த இடத்து மேற்பார்வையாளர். பதவி சின்னதாக இருந்தாலும் பார்த்த கண் பெரியது.

எப்படிக் கேட்பது? கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் போங்கள். கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சொறிந்துகொண்டு, "சார் பாத்துச் செய்யுங்க சார்" என்று நிற்காதீர்கள். நேராகச் சொல்லுங்கள்: "சார், மூணாவது வருஷம் உங்க பாடத்துல எங்க ஊர்க் கண்மாய் பத்தி புராஜெக்ட் செஞ்சேன். அதை முழுசாப் பாத்தது நீங்கதான். இந்த வேலைக்கு அதைப் பத்தி விவரமா எழுதித் தர முடியுமா?" முடியுமா என்று கேளுங்கள். அவருக்கு மறுக்க வழி விடவேண்டும். மனமில்லாமல் எழுதுகிற கடிதம் கடிதமே இல்லாததைவிட மோசம். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள், உலகம் அழிந்துவிடாது.

சம்மதித்தால் கையோடு நான்கு தாள் கொடுங்கள். வேலை விளம்பரம், உங்கள் பயோடேட்டா, மதிப்பெண் பட்டியல், அவரிடம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தேதியோடு ஒரு குறிப்பு. யாருக்கு எழுதவேண்டும், எந்தத் தேதிக்குள் என்பதை மேலே பெரிதாக எழுதுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போய்ச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் நம் பிள்ளை ஒருவர் அதே அறைக் கதவைத் தட்டுவார்.

"நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்பார்கள் சிலர். கோபப்படவேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள், புகழ்ச்சி வேண்டாம். "சார், நீங்க பாத்தது ஒண்ணு உங்க வார்த்தையில சேருங்க" என்று கேளுங்கள். அந்த ஒரு வரிதான் கடிதத்துக்கு உயிர்.

நான் படித்து முடித்தபோது ஓர் ஆசிரியர் எனக்குக் கொடுத்த கடிதத்தில் மூன்றே வரி. ஏழைக் குடும்பத்துப் பையன், ஆதிதிராவிடர் வகுப்பைச் சேர்ந்தவன், அடக்கமானவன், சொன்ன வேலையைச் செய்வான். அவர் கெட்ட மனிதர் இல்லை, இரக்கத்தோடுதான் எழுதினார். ஆனால் அது என்ன கடிதம்? பண்ணையாளுக்குக் கொடுக்கிற நற்சான்று. நான் என்ன படித்தேன், என்ன சிந்தித்தேன் என்று ஒரு எழுத்து இல்லை. இது நமக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களைப் படித்து ட்ரிக்ஸ், சென்கா என்ற இருவர் 2003-ல் எழுதினார்கள். பெண்களுக்கு எழுதப்பட்டவை நீளம் குறைவு. ஆணுக்கு ஆராய்ச்சியைப் பேசுகிற இடத்தில் பெண்ணுக்கு உழைப்பையும் சிரத்தையையும் பேசுகின்றன. அடங்கி நடப்பவர்கள் என்று எதிர்பார்க்கப்படுகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் ஒரே கடிதம்தான். அதனால்தான் அந்த நான்காவது தாள். அதில் வேலை இருந்தால் கடிதத்தில் இரக்கத்துக்கு இடம் குறையும். "சார், வறுமையையும் வகுப்பையும் எழுதவேண்டாம், வேலையைப் பத்தி எழுதுங்க" என்று மரியாதையாகவே சொல்லலாம். தப்பில்லை.

மாணவிகளுக்கு ஒன்று தனியாகச் சொல்லவேண்டும். மதிப்பெண்ணும் கையெழுத்தும் ஒருவர் கையில் இருக்கிறதென்றால் அது அதிகாரம். 2018-ல் இதே அருப்புக்கோட்டையில் ஓர் ஆசிரியை, மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி மாணவிகளைப் பல்கலைக்கழகப் பெரிய இடத்து ஆட்களுக்கு இணங்கச் சொல்லிப் போனில் பேசினார். அந்தப் பிள்ளைகள் பயந்து ஒடுங்கவில்லை. பேச்சைப் பதிவு செய்து புகார் கொடுத்தார்கள். 2024-ல் திருவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. கடிதம் கேட்பது துறை அறையில், பகல் நேரத்தில், தோழி ஒருத்தியோடு. பதிலுக்கு வேறு எதையாவது எதிர்பார்க்கிற பேச்சு வந்தால் அந்தக் கடிதமே வேண்டாம். கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும் என்பது 2013 சட்டம். குழுவில் யார் யார் என்று கேட்டுத் தெரிந்து வையுங்கள். எங்களுக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக, இங்கே உட்கார்ந்திருக்கிற வேலையிலிருக்கிற தோழர்களுக்கு. ஆசிரியர்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்கள், வருவாய்த்துறைக்காரர்கள் இருக்கிறீர்கள். ஏப்ரல் 14-க்கு மாலை போடுகிறோம், நன்கொடை தருகிறோம், சரி. வருஷத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்குச் சாட்சியாக இருக்க முடியுமா? சும்மா லெட்டர் பேடில் எழுதிக்கொடுக்கச் சொல்லவில்லை. பார்க்காததை எழுதினால் அது பழைய சிபாரிசுதான், சாதி மட்டும் மாறியிருக்கும். மாலை வகுப்புக்கு வாருங்கள். நூலகத்தை அடுக்கட்டும், கிராமக் கணக்கெடுப்பு எடுக்கட்டும், சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரட்டும். கூட நின்று பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். பள்ளர், பறையர், சக்கிலியர் என்று நமக்குள்ளேயே தெரு பிரித்து எழுதாதீர்கள். வேலை செய்த பிள்ளை எந்தத் தெருவானாலும் எழுதுங்கள். மகமை எடுக்க நம்மிடம் மூட்டை வியாபாரம் இல்லை. ஒரு சாயங்காலமும் ஒரு பேனாவும் இருக்கிறது.

மாணவத் தோழர்களே, பின்பெஞ்சில் வெள்ளைத்தாள் வைத்திருக்கிறோம். கலைந்து போவதற்கு முன் ஆளுக்கு ஒன்று எடுங்கள். ஒரு பக்கம் இதுவரை செய்த மூன்று வேலைகளை எழுதுங்கள். மறுபக்கம் அந்த வேலைகளைப் பார்த்த மூன்று பேரின் பெயரை எழுதுங்கள். ஒரு பெயருமே வரவில்லை என்று யாருக்காவது இருந்தால் வெறும் தாளோடு என்னிடம் வாருங்கள். எந்த வேலையைத் தொடங்குவது, யார் கூட நின்று பார்ப்பது என்று உட்கார்ந்து பேசுவோம்.